படை ஆளுநரின் எழுத்தர்

சனிக்கிழமை காலை பத்து மணி ஏழு நிமிடம். சன்னிவேலில், எல் கமினோ ரியல் சாலையோரம் இருக்கும் ஓர் இட்லிக் கடையின் கண்ணாடிக் கதவு இன்னும் பூட்டியிருந்தது. நான் முதலில் பார்த்தது ஒரு விரலை. கதவில் ஒட்டியிருந்த ‘காலை 10 மணி முதல்’ என்ற அறிவிப்பின் மேல் அது நின்றிருந்தது. விரலுக்கு உரியவர் அறுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி. சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம், தோளில் துணிப்பை.

கடைக்காரர் ஓடிவந்து கதவைத் திறந்தார். “சாரி ஆன்ட்டி, மாவு வர லேட் ஆயிடுச்சு.”

“மாவு இருக்கட்டும். இதை எழுதினது ஆர்?”

“அது பிரிண்ட் பண்ணி வாங்கினது ஆன்ட்டி.”

“பிரிண்ட் பண்ண ஒராள் எழுதித்தானே குடுத்திருப்பார். அவர் ஆர்?”

கடைக்காரர் சிரித்தார். அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை. பதிலுக்குக் காத்திருந்தார். “நான்தான் ஆன்ட்டி” என்று கடைக்காரர் ஒப்புக்கொண்ட பிறகே உள்ளே நுழைந்தார்.

நான் அவரைச் சந்திக்கத்தான் வந்திருந்தேன். சென்னையில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் பதினாறு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, மனைவியின் வேலை காரணமாகக் கலிபோர்னியா வந்தவன் நான். இங்கே தமிழ்ச் சங்கம் ஒன்றின் மாத இதழைச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டேன். இதழுக்கு வருபவை பெரும்பாலும் பொங்கல் விழாப் படங்களும் பயணக் கட்டுரைகளும். ஒரு நாள் தபாலில் ஒன்பது பக்கம் வந்தது. தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் தட்டச்சிட்டு, ஓரம் விட்டு, பக்க எண் இட்டு. தலைப்பு: ‘பழைய சீனத்தின் படை ஆளுநர்களும் அவர்களுடைய எழுத்தர்களும்’. ஒன்பது பக்கத்தில் ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை. செய்தி மேசையில் இருந்த பதினாறு ஆண்டுகளில் அப்படி ஒரு பிரதியை நான் கண்டதில்லை.

மேசையில் உட்கார்ந்ததும் “மேடம்” என்று ஆரம்பித்தேன்.

“மேடம் எண்டு எங்கட ஆஸ்பத்திரியில மேட்ரனைத்தான் கூப்பிடுறது. அக்கா எண்டு சொல்லும், போதும்.”

யாழ்ப்பாணப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து வந்தவர். கணவர் பொறியாளர், அவருடைய வேலை விசாவில் இங்கே வந்தார். கணவர் இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரே மகள் டெக்சஸில், ரிச்சர்ட்சனில் இருந்தாள். இவர் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் கிழக்காசியப் பிரிவில் நூற்பட்டியல் தயாரிப்பவராக இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவர். புத்தகத் தலைப்புகளைப் பிழையில்லாமல் ஏற்றவேண்டும் என்பதற்காகச் சீனம் படிக்கத் தொடங்கினார். பிறகு புத்தகங்களையே படிக்கத் தொடங்கினார்.

பேசும்போது இன்னொன்றைக் கவனித்தேன். நான் பேசப் பேச, மேசை விளிம்பில் அவருடைய பத்து விரல்களும் ஓசையில்லாமல் அசைந்தன. நான் நிறுத்தினால் அவையும் நின்றன. நான் சொல்வதை அவர் தட்டச்சு செய்துகொண்டிருந்தார் என்பது புரியச் சில நிமிடங்கள் ஆயின.

*

பழைய சீனத்தில் தாங் வம்சத்து அரசர்கள் எல்லையைக் காக்கப் படை ஆளுநர்களை நியமித்தார்கள். ஜியேதுஷி என்பது பதவியின் பெயர். எல்லையில் படை இருந்தால் அதற்குச் சோறு வேண்டும். சோற்றுக்காக வரி வசூலையும் அவர்களிடமே விட்டார்கள். பெரிய கலகம் ஒன்று நாட்டை உலுக்கி முடிந்தபோது, வடகிழக்கு மாகாணங்களில் ஆளுநர்கள் பெயருக்குத்தான் அரசரின் ஊழியர்கள். வரி அவர்களுடையது, நீதிமன்றம் அவர்களுடையது, பதவியும் அவர்கள் பிள்ளைகளுடையது.

இதெல்லாம் எந்த நூலிலும் கிடைக்கும். அக்காவின் அக்கறை வேறு இடத்தில் இருந்தது. ஓர் ஆளுநர் செத்துப்போகிறார். படை வீரர்கள் அவருடைய மகனைத் தூக்கிவைத்து ‘தற்காலிக ஆளுநர்’ என்கிறார்கள். பிறகு தலைநகருக்கு ஒரு விண்ணப்பம் போகவேண்டும்: அடியேன் தகுதியற்றவன், ஆனாலும் வீரர்கள் கட்டாயப்படுத்துகிறார்கள், பேரரசர் கருணை கூர்ந்து முடிவு செய்யவேண்டும். தலைநகரிலிருந்து பதவிச் சின்னமாகக் கொடியும் கோலும் வரும். விண்ணப்பம் பொய் என்பது அனுப்பியவருக்கும் தெரியும், பெற்றவருக்கும் தெரியும்.

“ஆளுநருக்கு வாள் பிடிக்கத் தெரியும். உப்பிடி ஒரு கடிதம் எழுதத் தெரியுமோ? அதுக்கு ஒராள் வைச்சிருந்தவை. பரீட்சை எழுதின, நாலு நூல் படிச்ச மனிசன். அவன் ராத்திரி வீட்டை போய் என்ன நினைச்சிருப்பான்? அதை ஒருத்தரும் எழுதேல்லை.”

அந்தக் கட்டுரையை இதழில் தொடராகப் போட்டேன். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவர் தேர்தல் நடத்தாமல் நான்காவது ஆண்டாகத் ‘தற்காலிகத் தலைவர்’ என்று போட்டுக்கொண்டிருந்தார். தொடரின் இரண்டாம் பகுதி வெளிவந்ததும் அவர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். “என்னங்க, என்னைய வச்சு எழுதறாங்களா அந்த ஆன்ட்டி?” நான் இதை அதே இட்லிக் கடையில் அக்காவிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, “அவருக்கு அறிக்கை எழுதிக் குடுக்கிறது ஆர்?” என்றார். நான்தான் எழுதிக் கொடுத்தேன். அதை அவரிடம் சொன்னேன். அவர் என் தட்டில் இன்னொரு வடையை வைத்தார்.

வாசகர் ஒருவர் எழுதினார்: ‘நம்ம பத்திரிகைல எதுக்கு சார் சைனாக்காரன் சண்டை? ரெசிபி போடுங்க.’ அக்கா அதற்கு ஒரு வரிப் பதிலைத் தட்டச்சிட்டு அனுப்பினார். ‘இது சண்டை பற்றிய தொடர் அன்று, கடிதம் பற்றியது.’ அப்படியே போட்டேன்.

மூன்றாம் பகுதி, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் முடியாட்சி விழுந்த பிறகு வந்த தளபதிகளைப் பற்றியது. அவர்கள் போருக்கு முன்னால் தந்தி யுத்தம் நடத்தினார்கள். ஒரு தளபதி இன்னொருவரைத் துரோகி என்று நாட்டிலுள்ள எல்லாப் பத்திரிகைகளுக்கும் தந்தி அடிப்பார். செய்யுள் நடை, பழைய நூல்களின் மேற்கோள்கள். சில தளபதிகளுக்குத் தம் பெயரைத் தவிர ஒன்றும் எழுதத் தெரியாது. சில மாகாணங்களில் பல பத்தாண்டுகளுக்கு உரிய நிலவரியை முன்கூட்டியே வாங்கி ரசீது கொடுத்தார்கள். அந்த ரசீதைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். “இன்னும் பிறக்காத பிள்ளையின்ர வரிக்கு ரசீது. அதில திகதி சரியா எழுதியிருக்கும், பாரும். திகதி மட்டும் சரியா இருக்கும்.”

*

ஒரு முறை லிவர்மோர் கோயிலுக்கு அவரை என் காரில் அழைத்துச் சென்றேன். மலையேறும் சாலையில் வண்டிகள் ஊர்ந்தன. அவர் நான்காம் பகுதியை வாயால் சொல்லிக்கொண்டு வந்தார்.

வடக்கே ஒரு மாகாணம். அங்கே ஆளுநரின் காவல் படை தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பங்களின் கையில் இருந்தது. அவர்களுக்குப் பிடிக்காத ஆளுநரைக் கொன்றுவிட்டு வேறொருவரை உட்காரவைப்பார்கள். கடைசியில் ஓர் ஆளுநர் பயந்துபோய், பக்கத்து மாகாணத்துப் படையை ரகசியமாக வரவழைத்தார். அதற்கு முன் ஆயுதக் கிடங்குக்கு ஆள் அனுப்பி, எல்லா வில்லின் நாண்களையும் கவசங்களின் வார்களையும் அறுக்கச் செய்தார். தாக்குதல் வந்தபோது வீரர்கள் கிடங்குக்கு ஓடினார்கள். வில்லை வளைக்க முடியவில்லை. கவசத்தைக் கட்ட முடியவில்லை. அவர்களையும் அவர்கள் வீட்டிலிருந்த பெண்களையும் பிள்ளைகளையும் ஒருவர் விடாமல் கொன்றார்கள்.

நான் பிரேக்கை அழுத்தியபடி, “கிடங்குச் சாவி யார்கிட்ட இருந்துச்சு?” என்றேன்.

அவர் முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். “நீர் இப்ப கேக்கப் பழகிட்டீர். சாவி வைச்சிருந்தவனுக்கு ஒரு பதிவுப் புத்தகம் இருந்திருக்கும். அண்டைக்கு அதில அவன் என்ன எழுதினவன்? ‘நாண்கள் பழுது’ எண்டோ? இல்லாட்டி ‘எல்லாம் சரி’ எண்டோ?”

கோயிலில் அர்ச்சனைச் சீட்டுக் கொடுக்கும் இடத்தில் சிறிய வரிசை. சீட்டு எழுதிய தன்னார்வலர், “பேரு, நட்சத்திரம் சொல்லுங்க ஆன்ட்டி” என்றார். இவர் ஒரு பெண்ணின் பெயரையும் அனுஷ நட்சத்திரத்தையும் சொன்னார். பிறகு சீட்டை வாங்கி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணருகே பிடித்துப் படித்தார்.

“இதில ஒரு எழுத்துப் பிழை. மாத்தித் தாரும்.”

“பரவால்ல ஆன்ட்டி. சாமிக்குத் தெரியும்.”

“சாமிக்குத் தெரியும் எண்டா நீர் ஏன் எழுதுறீர்?”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். தன்னார்வலரும் சிரித்துக்கொண்டே புதுச் சீட்டு எழுதினார். திரும்பும்போது நான் கேட்டதற்கு, அது தங்கையின் பெயர் என்றார். டொரொன்டோவில் இருக்கிறாள். இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமைக்கு மூன்று தடவை டயாலிசிஸ். இருபத்தேழு வருடமாக நேரில் பார்க்கவில்லை.

“டொரொன்டோ அஞ்சு மணி நேர ஃப்ளைட்தானே அக்கா?”

“பாஸ்போர்ட் இல்லை.”

இலங்கைப் பாஸ்போர்ட் காலாவதியாகி நெடுநாள் ஆகியிருந்தது. அதைப் புதுப்பிக்க அந்த நாட்டின் தூதரகத்துக்குப் போகவேண்டும். “அந்தக் கந்தோர் வாசல்ல நான் கால் வைக்க மாட்டன்” என்றார். கிரீன் கார்டு இருக்கிறது, குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாமே என்றேன். எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே தகுதி வந்துவிட்டதே.

அவருடைய விரல்கள் பையின் மேல் அசைந்தன.

*

ஐந்தாம் பகுதி வரவில்லை. அது பிணையாளிகளைப் பற்றியது. படை ஆளுநர்கள் விசுவாசத்தைக் காட்டத் தங்கள் பிள்ளைகளைத் தலைநகருக்கு அனுப்பிவைத்த வழக்கம். இரண்டு இதழ்கள் அந்தப் பக்கம் இல்லாமல் வெளிவந்தன. ஒரு முறைகூடத் தேதி தவறாதவர், மூன்றாம் மாதமும் “இன்னும் முடியேல்லை தம்பி” என்றார். நான் நேரில் போனேன்.

ரயில் பாதைக்குப் பின்னால் இரண்டு அறைகள் கொண்ட வீடு. சாப்பாட்டு மேசையில் கட்டுரை இல்லை. குடியுரிமை விண்ணப்பப் படிவம் இருந்தது. எல்லாக் கட்டங்களும் நிரப்பப்பட்டிருந்தன. ஒரு கட்டத்தைத் தவிர. பக்கத்தில் ஒலிபெருக்கியில் கைப்பேசி. ரிச்சர்ட்சனிலிருந்து மகள் பேசிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, ப்ளீஸ். ஜஸ்ட் நோ எண்டு டிக் பண்ணுங்கோ. எவ்ரிபடி டஸ் தட். சித்திக்கு எவ்வளவு டைம் இருக்கெண்டு உங்களுக்குத் தெரியும்தானே?”

“அங்கிள் வந்திருக்கிறார். பேந்து கதைக்கிறன்.”

“அங்கிள்! நீங்களாவது சொல்லுங்கோ. ஷீ இஸ் பீயிங் இம்பாசிபிள்.”

நிரப்பப்படாத கேள்வியைப் படித்தேன். எப்போதாவது ஏதாவது ஆயுதக் குழுவில் இருந்தீர்களா, அல்லது அதற்கு உதவினீர்களா என்பது அதன் சாரம். ஆம், இல்லை என்று இரண்டு சிறு சதுரங்கள்.

“இல்லைன்னு போடுங்கக்கா” என்றேன். “உங்களுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?”

அவர் தேநீர் ஊற்றினார். என் கோப்பையை என் பக்கம் தள்ளினார். பிறகு, கட்டுரை சொல்லும் அதே குரலில் சொல்லத் தொடங்கினார்.

ஊரில் அவர் கூட்டுறவுச் சங்கத்தில் தட்டச்சர். ஊர் பொடியன்களின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. துப்பாக்கி ஏந்திய இயக்கத்தவரை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். சங்கக் கட்டடத்தை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். “டைப்ரைட்டரோட சேத்து என்னையும் எடுத்தவை” என்றார். ஊரைவிட்டு வெளியே போகிறவர்களுக்குப் பாஸ் வேண்டும். பாஸில் போகிறவர் பெயர், காரணம், திரும்பிவரும் திகதி. கடைசியாக ஒரு வரி: பிணை. போகிறவர் திரும்பும்வரை ஊரில் இருக்கவேண்டியவரின் பெயர். பொறுப்பாளர் என்று ஒருவர் இருந்தார். அவர் கையெழுத்துப் போடுவார். மற்றதெல்லாம் அக்கா அடிப்பார். பதினொரு மாதம் அடித்தார்.

“சாதாரண பாஸுக்குப் பதினாலு நாள். ஆஸ்பத்திரிக் கேஸ் எண்டா டொக்டர் கடிதத்தில எத்தினை நாள் எண்டு இருக்கோ அத்தினை நாள். அதுதான் விதி.”

தங்கைக்குக் கண்ணில் அறுவைச் சிகிச்சை. கொழும்புக்குப் போகவேண்டும். பிணைக்குத் தங்கையின் கணவர், சித்திரம் படிப்பிக்கிற வாத்தியார். மருத்துவர் கடிதத்தில், சிகிச்சைக்குப் பின் போதிய ஓய்வு அவசியம் என்று இருந்தது. எத்தனை நாள் என்று இல்லை.

“அவ என்ர மேசைக்கு முன்னால நிண்டவ. ‘அக்கா, ஒரு மாசம் எண்டு அடி’ எண்டவ. நான் சொன்னனான், கடிதத்தில இல்லாததை நான் அடிக்க ஏலாதெண்டு. மற்றச் சனமும் வரிசையில நிக்குது. என்ர தங்கச்சி எண்டு கூட்டி அடிச்சா நாளைக்கு அவைக்கு நான் என்ன சொல்லுறது? பதினாலு எண்டு அடிச்சனான்.”

பாதை மூடியதால் தங்கை போய்ச் சேரவே ஆறு நாள் ஆனது. பதினைந்தாம் நாள் காலை ஒரு சைக்கிளில் இரண்டு பேர் வந்து வாத்தியாரைக் கூட்டிப் போனார்கள். முதலில் அவரைக் கொண்டுவந்தது சங்கக் கட்டடத்துக்குத்தான். பதிவில் கையெழுத்து வாங்க.

“என்னைப் பாத்துச் சிரிச்சவர். ‘உங்கட டைப்பிங் ஒரு நாளும் பிழைக்காது அக்கா’ எண்டவர். பகிடியாத்தான் சொன்னவர். கோவம் ஒண்டும் இல்லை.”

அவரை வேறு முகாமுக்கு அனுப்பினார்கள். அக்கா பொறுப்பாளரிடம் போய்க் கேட்டார். அவர் நல்ல விதமாகவே பேசினாராம். ‘நீங்கள்தானே அக்கா பதினாலு எண்டு போட்டனீங்கள். முப்பது எண்டு போட்டிருந்தா நாங்கள் கடிதத்தை எடுத்துப் பாக்கவோ போறம்?’

இருபத்து நாலாம் நாள் தங்கை ஒரு கண்ணில் கட்டோடு வந்து இறங்கினாள். வாத்தியார் திரும்பவில்லை. பொறுப்பாளர் சண்டையில் செத்தார். அந்த முகாம் இடம் மாறியது, பதிவுப் புத்தகங்கள் எரிந்தன. கேட்பதற்கு ஆளில்லாமல் போனது.

“தங்கச்சி உங்ககிட்ட என்ன கேட்டாங்க?”

“ஒண்டும் கேக்கேல்லை. இண்டைக்கு வரைக்கும் கேக்கேல்லை. கிழமைக்கு ஒருக்கா கதைக்கிறம். ஸ்னோ, முழங்கால் வருத்தம், மீன் விலை.”

அவருடைய விரல்கள் படிவத்தின் மேல் இருந்தன. அசையவில்லை.

“நீர் சொல்லும் தம்பி. இதில நோ எண்டு போட்டா, நான் அந்த மேசையில இருக்கேல்லை எண்டு அர்த்தம். அப்ப அந்தப் பாஸை அடிச்சது ஆர்? அப்பிடி எழுதி எடுத்த பாஸ்போர்ட்டோட போய் அவவுக்கு முன்னால நிக்கிறதோ?”

*

சான் ஹொசேயில் குடியேற்ற வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரிடம் அவரை அழைத்துச் சென்றேன். மதுரைக்காரப் பெண், நாற்பது வயதிருக்கும். முழுவதையும் கேட்டார். குறிப்பு எடுத்தார். கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்தபோது இதே மாதிரிக் கேள்விக்கு என்ன பதில் போட்டீர்கள் என்றார்.

“அவர் நோ எண்டு போட்டவர். என்ர மனிசன். கையெழுத்து வைச்சது நான்.”

“இப்ப எஸ் போட்டா, அப்ப நோ போட்டது ஏன்னு கேப்பாங்க ஆன்ட்டி. சிட்டிசன்ஷிப் கிடைக்காதது மட்டும் இல்ல. கிரீன் கார்டே போகலாம். ஊருக்கே அனுப்பலாம். இப்ப இருக்கிற நிலைமையில நான் ரிஸ்க் எடுக்கச் சொல்ல மாட்டேன். பேசாம அப்ளை பண்ணாமலே இருந்துடுங்க.”

“அப்ளை பண்ணாம பாஸ்போர்ட் வராது.”

வழக்கறிஞர் பேனாவைக் கீழே வைத்தார். “சரி. ஒரு வழி இருக்கு. துப்பாக்கி வச்சிருக்கறவங்க கிட்ட முடியாதுன்னு சொல்ல முடியுமா? நீங்க பயந்துதானே டைப் பண்ணீங்க? அப்படி எழுதினா ஓரளவுக்கு வாதாடலாம்.”

“பயம் இருந்ததுதான். அந்தக் கதிரையில இருந்தது பயத்தில. ஆனா பதினாலு எண்டு அடிச்சது பயத்தில இல்லை.”

“அதை யாரும் கேக்கப் போறதில்ல ஆன்ட்டி.”

“டொக்டர் கடிதத்தை ஒருத்தரும் பாக்க மாட்டினம் எண்டு அண்டைக்கும் எனக்குத் தெரியாமப் போச்சு.”

வழக்கறிஞர் என்னைப் பார்த்தார். நான் சன்னலைப் பார்த்தேன். கீழே சாலையில் ஒரு நிறுவனத்தின் ஷட்டில் பேருந்து ஆளில்லாமல் நின்றிருந்தது. இந்த விண்ணப்பத்தைத் தன் பெயரில் தாக்கல் செய்ய முடியாது என்றார் வழக்கறிஞர். கட்டணம் வாங்க மறுத்துவிட்டார்.

அடுத்த வாரம் அக்கா தானே விண்ணப்பத்தை முடித்தார். ‘ஆம்’ என்ற சதுரத்தில் குறியிட்டு, ஒரு பக்கம் தட்டச்சிட்டு இணைத்தார். நான் படித்தேன். ஆங்கிலம். பெயர்ச்சொற்களும் எண்களும் மட்டுமே இருந்ததுபோல் ஒரு பக்கம். பதினொரு மாதம். வாரத்துக்குச் சராசரியாக எத்தனை பாஸ். சம்பளம் இல்லை, அரிசி, சீனி, மண்ணெண்ணெய். தங்கையின் பாஸ் தனிப் பத்தியில் இருந்தது. ‘நான் வேறு எண்ணைத் தட்டியிருக்க முடியும்’ என்பது கடைசி வரி. வருத்தம் என்ற சொல் எங்கும் இல்லை. நான் எதையும் திருத்தவில்லை.

தபாலில் போடுமுன் அந்தப் பக்கத்தைத் தங்கைக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டியதாகச் சொன்னார். தமிழில் மாற்றி, வரி வரியாக.

“என்ன சொன்னாங்க?”

“முழுக்கக் கேட்டவ. முடிச்சன். பேந்து, ‘அங்க இப்ப குளிரோ அக்கா?’ எண்டு கேட்டவ.”

“நீங்க?”

“ஃபாரன்ஹீட்டில அம்பத்தெட்டு டிகிரி எண்டு சொன்னனான்.”

தபால் நிலையத்துக்கு நான்தான் அழைத்துப் போனேன். பதிவுத் தபால். ரசீதில் அஞ்சல் குறியீட்டு எண்ணைச் சரிபார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தார். மகள் ஏழு வாரம் அவரோடு பேசவில்லை. பிறகு ரிச்சர்ட்சனிலிருந்து ஒரு வார இறுதிக்கு வந்தாள். குளிர்சாதனப் பெட்டியை நிரப்பினாள், அம்மாவின் தலைக்கு எண்ணெய் வைத்தாள், விண்ணப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் எடுக்காமல் திரும்பிப் போனாள். விமான நிலையத்தில் என்னிடம் மட்டும் கேட்டாள். “அங்கிள், தே வோன்ட் டேக் ஹர், ரைட்?” எனக்குத் தெரியாது என்றேன்.

ஐந்தாம் பகுதி அந்த மாதம் வந்தது. பதினொரு பக்கம். தலைநகரில் பிணையாக வாழ்ந்த ஆளுநர் பிள்ளைகளுக்கு நல்ல வீடும் சிறு பதவியும் கொடுத்தார்கள். தகப்பன் கலகம் செய்தால் அடுத்த நாள் பிள்ளை இல்லை. அவர்களுடைய பெயர்களை ஒரு பட்டியலில் எழுதிவைத்திருந்த ஊழியரைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. ஆதாரம் கிடைக்கவில்லை, இப்படி ஒருவர் இருந்திருக்கவேண்டும் என்பது என் ஊகம் என்று அடிக்குறிப்பில் எழுதியிருந்தார். அவருடைய தொடரில் ஊகம் என்ற சொல் வந்தது அந்த ஓரிடத்தில் மட்டும்.

குடியேற்ற அலுவலகத்திலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வரப் பத்து மாதம் ஆயிற்று. என்னை உள்ளே விடவில்லை. வெளியே நாற்காலியில் காத்திருந்தேன். காலை 8:50-க்கு உள்ளே போனவர் 10:25-க்கு வெளியே வந்தார். நடை மாறவில்லை. காருக்குள் ஏறி பெல்ட்டைப் போட்ட பிறகு சொன்னார்.

“சின்ன வயது ஒஃபீசர். மரியாதையான பிள்ளை. வாசிச்சான். திரும்பவும் முதல்ல இருந்து வாசிச்சான். இதை நீங்களே டைப் செய்தீங்களோ எண்டு கேட்டான். ஓம் எண்டனான். வேற ஆரும் எழுதித் தரேல்லையோ எண்டான். இல்லை எண்டனான்.”

“அப்புறம்?”

“இண்டைக்கு முடிவு சொல்ல ஏலாது, மேலிடத்துக்கு அனுப்பவேணும் எண்டான். கடிதம் வருமாம்.”

வீடு வரும்வரை அவருடைய கைகள் மடியில் இருந்தன. விரல்கள் அசைந்தன. நான் ஒன்றும் பேசிக்கொண்டிருக்கவில்லை, வானொலியும் போடவில்லை. அவர் யார் சொல்வதைத் தட்டிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு என் மனைவிக்கு நியூ ஜெர்சியில் வேலை மாறியது. இதழை வேறொருவரிடம் ஒப்படைத்தேன். மாதம் ஒரு முறை அக்காவைத் தொலைபேசியில் கூப்பிடுவேன். கடிதம் வந்ததா என்று கேட்பேன். “இல்லை” என்பார். தங்கை எப்படி என்று கேட்பேன். “இண்டைக்கு மெஷினில நாலு மணித்தியாலம்” என்பது போல ஏதாவது எண் சொல்வார். பதினைந்து மாதம் இப்படிப் போயிற்று.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், அவருடைய எண்ணிலிருந்து கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. மேலே கீழே ஒரு சொல்லும் எழுதியிருக்கவில்லை. டொரொன்டோவில் வெளியான மரண அறிவித்தல். தங்கையின் படம், தடித்த கண்ணாடி. படத்துக்குக் கீழே உறவினர் வரிசை. சகோதரி என்ற இடத்தில் அக்காவின் பெயர் இருந்தது, பக்கத்தில் அமெரிக்கா என்று. தாய் தந்தையின் பெயர்களுக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று போட்டிருந்தார்கள். கணவரான வாத்தியாரின் பெயருக்கு முன்னால் அந்தச் சொல் இல்லை.